தட்டினால் கேட்காத வண்டி

போன வாரம் ஷெட்டுக்கு வந்திருந்தேன். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிக்கு மேல் ஒரு பழைய பிக்கப் நின்றது. நீங்கள் மூன்று பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மேஸ்திரி, செவுத்துல போட்டோ மாட்டிக்கீதே, அந்த வண்டிய எப்டி சத்தமே இல்லாம பண்ணீங்க? இத்தயும் அதே மாதிரி பண்ணணும்" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ரிட்டயரான கிழவனுக்கு இன்னும் தலைக்கனம் குறையவில்லை என்று நினைத்திருப்பீர்கள். தலைக்கனம் இருந்தது உண்மைதான். அது உச்சியில் இருந்த காலத்தில்தான் அந்த வண்டியைச் செய்தேன்.

எந்த இன்ஜின் மவுண்ட்டுக்கு எந்த ரப்பர், எந்த ஷீட்டை எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த வண்டியில் நான் செய்த தப்பை மட்டும் எழுதுகிறேன். அது வீடியோவில் வராது.

அந்த பிக்கப் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குச் சொந்தமானது. ஓனர் பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, நிலத்தை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரோடு வந்து தங்கியவர். நல்ல மனிதர்தான். இதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நழுவுவதாக ஆகிவிடும்.

அவர் அப்பா காலத்து வண்டி அது. மூக்கு நீண்டு, முன் விளக்கு இரண்டும் உருண்டையாக, பார்க்க லட்சணமாக இருக்கும். ஓட ஆரம்பித்தால் தகரக்கடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல ஒரு சத்தம். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு எந்தக் காலத்திலோ டீசல் இன்ஜின் போட்டிருந்தார்கள். அதன் உதறல் பல்லில் தெரியும்.

"மேஸ்திரி, பக்கத்துல இருக்கறவங்க பேசறது கூட கேக்கல. அம்மாவுக்கு முட்டி வலி, ஏற முடியல. சத்தம் இருக்கக் கூடாது, ஆட்டம் இருக்கக் கூடாது, பிரேக்க நம்பி ஓட்டணும். ஆனா பாக்கறதுக்குப் பழசாவே இருக்கணும்" என்றார் ஓனர்.

நான் நோட்டை எடுத்து வரிசையாக எழுதிக்கொண்டே கேட்டேன். "பின்னாடி இன்னா ஏறும் சார்?"

"லோடுதான்" என்றார்.

'பின்னால்: லோடு' என்று எழுதிக்கொண்டேன்.

அந்த லோடு என்னவென்று எனக்குத் தெரியும். உர மூட்டை, நெல் மூட்டை, நாற்றுக் கட்டு. நடவும் களையெடுப்பும் வந்தால் காலனியிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள், ஒரு நடைக்குப் பன்னிரண்டு பதினைந்து பேர். எங்கள் ஊர்ப் பக்கம் அதையும் லோடு என்றுதான் சொல்வோம். "காலனில போய் லோடு ஏத்தினு வந்துடு" என்பார்கள். டிரைவரும் அப்படித்தான் சொல்வான், நானும் அப்படித்தான் சொல்வேன். ஒரு நாளும் அந்த வார்த்தை என் நாக்கில் உறுத்தியதில்லை. மூட்டைக்கு எங்கே முட்டி வலி வரப்போகிறது? நோட்டில் பின்பக்கத்துக்கு நேராக 'டிங்கரிங், பெயிண்ட்' என்று இரண்டு வார்த்தை போட்டேன். கேபினுக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

அந்த வண்டியை ஓட்டியவன் தாவீது. நாற்பதைத் தாண்டிய ஆள், அதே காலனிக்காரன். பின்னால் ஏறுகிற பெண்களில் பாதிப் பேர் அவனுக்கு அக்கா, அத்தை, அண்ணி முறை. பின்னால் இருப்பவர்களுக்கும் முன்னால் ஓட்டுகிறவனுக்கும் நடுவில் கேபினின் பின் தகரம். அந்தத் தகரத்தில் தட்டுவதுதான் அவர்களுக்குள் பேச்சு. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போ. விடாமல் தட்டினால் என்னவோ ஆபத்து, அப்படியே பிரேக்கை மிதி. பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவதில்லையா, அந்தக் கணக்குத்தான். இரண்டு தட்டு காதில் விழாமல் தாவீது கியரைத் தொட மாட்டான். போதாததற்குத் தகரத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, "டேய் தாவீது, மெதுவா போடா, இடுப்பு வுட்டுப்பூடுச்சு" என்று யாராவது கத்துவார்கள்.

அந்தப் பின் தகரம்தான் வண்டியிலேயே அதிகமாக இரைந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். முதலில் தார் ஷீட், அதன் மேல் ஃபெல்ட், அதற்கும் மேல் பஞ்சு வைத்துத் தைத்த ரெக்சின். புதிதாக வைத்த ஏசியின் குளிர் வெளியே போகக் கூடாது என்று சின்ன ஜன்னலைப் பிடுங்கிவிட்டு நகராத கண்ணாடியாகப் போட்டு ரப்பரில் அடைத்தேன். வெயில் தாக்காமல் இருக்க அதில் கறுப்புத் தாள் ஒட்டினேன். கதவு இடுக்குகளை அடைக்கப் புது ரப்பர் பீடிங். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், இரண்டு சீட்டுக்கும் பெல்ட், சந்தன நிறத்தில் சீட் கவர். ஓனரின் அம்மா ஏறுவதற்குக் கேபின் கதவுக்குக் கீழே அகலமான படி ஒன்று, வழுக்காமல் இருக்க அதில் ரப்பர்.

பின்னால் ஏறுகிறவர்கள் எப்போதும் போலப் பின் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து, பக்கப் பலகையைப் பிடித்துத் தாவித்தான் ஏற வேண்டும். அங்கேயும் ஒரு படி வைக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

வேலை முடிந்த அன்று ஓனர் தன் அம்மாவை உட்காரவைத்து மாகறல் வரை ஓட்டிவிட்டு வந்தார். "உள்ள மூச்சு வுடற சத்தம் கூட கேக்குதுப்பா" என்று அந்த அம்மா சொன்னார்கள். நான் ஷெட்டு வாசலில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

இங்கே ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். நான் தொழில் பழகியது ஓரிக்கைப் பக்கம் ஒரு ஷெட்டில். அங்கே இருந்த மேஸ்திரி, எந்த வண்டியை முடித்தாலும் சாவியை எங்களிடம் தூக்கிப்போட்டுவிட்டு, தான் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். லாரியோ வேனோ, அவர் பின்னால்தான். இருபது நிமிஷம் புழுதியைத் தின்றுவிட்டு இறங்கி வருவார். ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பீடி குடிக்கப் போகிறார் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அவரிடம் வெல்டிங் கற்றேன், டிங்கரிங் கற்றேன். பின்னால் உட்காருவதை மட்டும் விட்டுவிட்டேன்.

வண்டி போன இரண்டாம் நாள் தாவீது ஷெட்டுக்கு வந்தான்.

"மேஸ்திரி, பின்னாடி தட்டறது கேக்கல" என்றான்.

"கேக்கக் கூடாதுன்னுதானே இம்மாம் வேல பண்ணிக்கீறேன்?"

"அது இல்ல மேஸ்திரி. பொம்பளைங்க ஏறனாங்களா இல்லயானு தெரியல. ஒவ்வொரு தபாவும் எறங்கிப் போய்ப் பாத்துட்டு வரேன். லேட்டாவுதுன்னு ஓனர் கத்தறாரு. கதவுக் கண்ணாடிய எறக்கி வெச்சிக்கலாம்னா தூசி படிஞ்சி சீட்டு பாழாப்பூடும்னு அதுக்கும் திட்டறாரு."

"அவரு சொல்றது கரெக்ட்டு. பீடிங்கு புச்சு. செட் ஆவற வரிக்கும் கண்ணாடிய ஏத்தி எறக்காத."

அவன் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "ஒரு பெல்லு கில்லு வெச்சிக் குடுங்களேன். பின்னாடி அமுக்கனா முன்னாடி அடிக்கற மாதிரி."

ஒரு பெல். ஒரு ஸ்விட்ச். நாலு முழம் ஒயர். மதிய சாப்பாட்டுக்குப் போவதற்குள் முடிகிற வேலை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பழைய வண்டில பெல்லு வெச்சா அசிங்கமாக் கீம்டா. மிர்ரரு எதுக்குக் கீது? பாத்து ஓட்டு. டிரைவர்தானே நீ?"

உருண்டையான சின்ன மிர்ரர்கள் அவை. பழைய அழகு கெடக் கூடாது என்று நானே சென்னையில் தேடிப் பிடித்து வாங்கிவந்தவை. முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம், அவ்வளவுதான். அதுவும் எனக்குத் தெரியும்.

அதற்கு மூன்றாம் நாள் காலை. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. காலனியில் எல்லோரும் ஏறிவிட்டார்கள், தேசம்மா ஒருத்தி பாக்கி. ஐம்பது வயது இருக்கும். நடவில் அந்தப் பக்கத்தில் அவள்தான் முதல் கை, அவள் பிடிக்கிற வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள். சாப்பாட்டுத் தூக்கை மேலே கொடுத்துவிட்டு, இடது பக்கப் பின் சக்கரத்தின் மேல் காலை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஓனர் தாவீதுக்குப் போன் செய்தார். "லோடு ஏத்திட்டியா? நாத்து வாடுதுப்பா, கெளம்பு." தாவீது அன்றைக்கு இறங்கிப் பார்க்கவில்லை. மிர்ரரைப் பார்த்தான். அதில் தேசம்மா தெரியவில்லை, அதனால் ஏறிவிட்டாள் என்று நினைத்தான். கியரைப் போட்டான்.

சக்கரம் அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. பலகையைப் பிடித்திருந்த கைகளை மேலே இருந்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தகரத்தில் தட்டினார்கள். கையால் தட்டினார்கள், சாப்பாட்டுத் தூக்கால் தட்டினார்கள். பதினோரு பேர் விடாமல் தட்டியும் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை சுத்தமாக நான் வேலை செய்திருந்தேன்.

எதிரே பைக்கில் வந்த ஒருவன் கையை ஆட்டிக் கத்தியிருக்கிறான். தாவீது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையை ஆட்டினானாம். அந்த ஐந்து நாளாக ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வண்டியின் அழகைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பைக்கில் வந்தவன் திரும்பி வந்து குறுக்கே விட்டு மறித்த பிறகுதான் வண்டி நின்றது. கதவைத் திறந்தபோதுதான் அலறல் தாவீதின் காதில் விழுந்தது. டிஸ்க் பிரேக் அருமையாகப் பிடித்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

தேசம்மா பிழைத்துக்கொண்டாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விஷயம் போலீசுக்குப் போனது. சாமான் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஏற்றச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. "லோடு ஏத்தத்தான் சொன்னேன், ஆள் ஏத்தச் சொல்லல" என்று ஓனர் சொன்னார். போனில் அவர் சொன்ன வார்த்தை லோடுதான். அதைத் தாவீதும் மறுக்கவில்லை, எப்படி மறுப்பான்?

வண்டியை நம் ஷெட்டில்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அதைச் சோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பிரேக்கைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க மேஸ்திரி. புது வண்டி தோத்துப்போவும்" என்றார். அப்படி ஒரு நேரத்திலும் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தாவீது வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரோடு நின்றுகொண்டிருந்தான். நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கிற தூரம்.

அதிகாரி கேட்டார். "பின்னாடி ஆளுங்கள ஏத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து பிரித்துக் காட்டினேன். "லோடுன்னுதான் சார் சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் எழுதிக்கீறேன், பாருங்க."

"டிரைவர் வண்டியப் பத்தி ஏதாவது கம்ப்ளெய்ண்ட் சொன்னானா?"

தாவீது என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டுதான் நின்றான். மேஸ்திரி வாயைத் திறந்தால் போதும், இறங்கி இறங்கிப் பார்த்தேன், பெல் வைக்கச் சொல்லிக் கேட்டேன் என்பதெல்லாம் காகிதத்தில் ஏறிவிடும், பாதிச் சுமை இறங்கிவிடும் என்று நினைத்திருப்பான்.

"ஒன்னும் சொல்லல சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஓனரிடம் பயமா என்றால், கொஞ்சம் இருந்தது. அதைவிட, நாற்பது வருஷம் தொழில் செய்தவன் வேலையில் குறை என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் வந்துவிடக் கூடாது என்பதுதான் பெரிதாக இருந்தது. ஒருத்திக்குக் கால் போயிருக்கிறது, ஒருவனுக்குப் பிழைப்பு போகப்போகிறது. நான் என் பெயரைப் பார்த்துக்கொண்டேன்.

தாவீதின் லைசன்ஸ் போனது. ஓனருக்குத் தெரியாமல் அவனாக ஆள் ஏற்றினான் என்றுதான் கேஸ் முடிந்தது. சொந்தக்காரிகளைச் சும்மா ஏற்றிக்கொண்டு சுற்றினான் என்று ஊரிலும் பேசினார்கள். தேசம்மாவின் மகனே அவனை அடிக்கப் போனான்.

கொஞ்ச நாள் கழித்து நான் ஓனரிடம் போய், "சார், பின்பக்கம் ஒரு பெல்லு, ஒரு படி வெச்சிடலாம்" என்றேன். "இனிமே யாரையும் ஏத்தப் போறதில்ல மேஸ்திரி, எதுக்கு வம்பு?" என்றார். அதன்படியே செய்தார். அந்தப் பெண்கள் இப்போது வேலைக்கு நடந்து போகிறார்கள், இல்லையென்றால் டிராக்டர் டிரெய்லரில் நின்றுகொண்டு போகிறார்கள். பிக்கப் சென்னையில் பழைய வண்டிகள் கண்காட்சிக்குப் போய்க் கோப்பை வாங்கிவந்தது. சுவரில் நீங்கள் பார்த்த போட்டோ அப்போது எடுத்தது. ஓனருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான். அதைக் கழற்றுங்கள் என்று பல முறை சொல்ல நினைத்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன், கழற்றிவிடுங்கள்.

குழி மேல் நிற்கிற வண்டிக்கு வருகிறேன். சத்தத்தைக் குறையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு துண்டு ஷீட்டை வெட்டுவதற்கு முன்னால் மூன்று பேரும் பின்னால் ஏறி உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். எங்கே பிடித்தீர்கள், எதில் மிதித்து ஏறினீர்கள், நிறுத்தச் சொல்ல என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். பின்னால் என்ன ஏறும் என்று ஓனரைக் கேட்காதீர்கள், டிரைவரைக் கேளுங்கள். அவன் லோடு என்று சொன்னால், என்ன லோடு என்று இன்னொரு தடவை கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அவன் திரும்பி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

போன மாதம் காலனிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஷெட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. தெருவில் நுழைந்ததும் தேசம்மா வீடு. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டைக்கால் பக்கத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். "தாவீது வூட்ல கீறானா?" என்று மட்டும் கேட்டேன்.

"கீறான். இப்பத்தான் கல் ஒடச்சிட்டு வந்து நாஷ்டா துன்னுனு கீறான்" என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போயி தட்டுங்க மேஸ்திரி. அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

போய்த் தட்டினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு தட்டினேன், டிவி சத்தம் நின்றது. "தாவீது, நான்தாம்பா, மேஸ்திரி" என்றேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் தட்டினேன். அப்புறம் விடாமல் தட்டினேன். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

கதவு திறக்கவில்லை. அது வெறும் தகரக் கதவு. தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.